டீசல் பிக்கப் டிரக்கில் டிரான்ஸ்மிஷன் சூட்டைக் கண்காணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவில் ஓடும் முக்கால் டன், ஒரு டன் என்று வகைப் பெயர் சொல்லி அழைக்கப்படும் கனரக டீசல் பிக்கப்களைப் பற்றிய பக்கம் இது. ஃபோர்டு சூப்பர் டியூட்டி, கம்மின்ஸ் இன்ஜின் போட்ட டாட்ஜ் ராம், டுராமேக்ஸ் போட்ட செவ்ரோலே, ஜிஎம்சி ஆகியவைதான் பெரும்பாலும். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் உள்ள வண்டிகளுக்கு மட்டும். அந்த ஊர் மீட்டர்கள் ஃபாரன்ஹீட்டில் இருப்பதால் எண்களையும் அப்படியே தருகிறேன். முக்கியமான இடங்களில் செல்சியஸும் இருக்கும்.

டிரான்ஸ்மிஷன் ஆயிலின் சூட்டைக் காட்டும் தனி மீட்டர் எனக்கு உண்மையிலேயே தேவையா?

டிரெய்லர் இழுக்கிறீர்கள், பாரத்தோடு மலைப்பாதையில் போகிறீர்கள், இன்ஜினுக்கு டியூனர் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றும் கருவி) போட்டு டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, ஏற்றியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் ஒன்று பொருந்தினாலும் தேவை. காலி வண்டியில் வேலைக்குப் போய் வருபவர் அவசரப்பட வேண்டாம்.

டீசல் வண்டிக்கு இது கூடுதல் முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. டீசல் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே மிகப் பெரிய டார்க்கைத் தருகிறது. பழைய வண்டிகளில் அதைத் தாங்க வந்த டிரான்ஸ்மிஷன்கள் எல்லாம் டீசலுக்காகவே பிறந்தவை அல்ல. 1996 முதல் 2002 வரை டாட்ஜ் கம்மின்ஸில் வந்த 47ஆர்இ டிரான்ஸ்மிஷன், 1962இல் கார்களில் வந்த டார்க்ஃபிளைட் 727இன் வழித்தோன்றல். நல்ல டிரான்ஸ்மிஷன்தான், ஆனால் அதன் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை வாங்கப்படுகிறது. அந்த எல்லையை முதலில் காட்டிக்கொடுப்பது சூடு. சத்தம், வழுக்கல், கருகிய வாடை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

சூடு எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி டார்க் கன்வர்ட்டரிலிருந்து. இன்ஜினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் வட்டமான பகுதி அது. உள்ளே இன்ஜின் பக்கத்துச் சக்கரம் ஆயிலை எறிகிறது, டிரான்ஸ்மிஷன் பக்கத்துச் சக்கரம் அந்த ஆயிலின் விசையில் சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வண்டி கிளம்பும்போதும் மெதுவாக ஏறும்போதும் வேக வித்தியாசம் அதிகம். இப்படிச் சக்கரத்துக்குப் போய்ச் சேராத சக்தி எல்லாம் ஆயிலைச் சூடாக்குகிறது.

எவ்வளவு சூடு என்று ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் 200 குதிரைத்திறன் தருகிறது, கன்வர்ட்டர் அதில் 80 சதவீதத்தைக் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 40 குதிரைத்திறன், அதாவது சுமார் 30 கிலோவாட், ஆயிலுக்குள் போகிறது. 2 கிலோவாட் ரூம் ஹீட்டர் பதினைந்தை ஒன்றாக அந்த ஆயிலுக்குள் போட்டு ஓடவிட்ட மாதிரி. இதை வெளியே தள்ளுவது முன்னால் இருக்கும் கூலரின் வேலை. மெதுவாகப் போகும்போது கூலருக்குக் காற்றும் குறைவு. சூடு மளமளவென்று ஏறுவதற்கு இதுதான் காரணம்.

கன்வர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் உண்டு. அது பிடித்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுழலும், வழுக்கல் நின்றுவிடும். இதைத்தான் லாக்-அப் என்கிறோம். லாக்-அப் ஆன கணத்திலிருந்து கன்வர்ட்டர் சூடு ஏறக்குறைய நின்றுபோகும். மீட்டர் வைத்தவர்கள் முதல் நாளே கவனிப்பது இதைத்தான்: லாக்-அப் விழுந்ததும் ஊசி இறங்கத் தொடங்கும்.

டாஷ்போர்டில் கம்பெனி மீட்டர் இருக்கிறதே, அது போதாதா?

வண்டியைப் பொறுத்தது. டுராமேக்ஸோடு அலிசன் டிரான்ஸ்மிஷன் வந்த 2001க்குப் பிந்தைய ஜிஎம் வண்டிகளில் (செவ்ரோலே, ஜிஎம்சி) எண் போட்ட மீட்டரே உண்டு. புதிய ராம்களில் திரையில் எண்ணாகவே பார்க்கலாம். இவற்றில் தனி மீட்டர் கட்டாயம் இல்லை.

47ஆர்இ காலத்து டாட்ஜில் மீட்டரே கிடையாது, எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். அது எரியும்போது ஆயில் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். 1999க்குப் பிந்தைய பழைய சூப்பர் டியூட்டிகளில் ஊசி உண்டு, எண் இல்லை. "நார்மல்" பகுதி மிக அகலமானது. ஊசி நடுவிலேயே நிற்கிறது என்று நம்பி ஓட்டுவீர்கள், உள்ளே ஆயில் ஐம்பது டிகிரி ஏறியிருக்கும். ஓட்டுநர் பயப்படாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, பாரம் இழுப்பவருக்கு உதவாது.

எத்தனை டிகிரி வரை பரவாயில்லை?

இதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்பாதீர்கள். எங்கே அளந்தது என்று தெரியாமல் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

அலிசனின் ஓட்டுநர் கையேடுகளே இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கின்றன. ஆயில் பானில் (டிரான்ஸ்மிஷனின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) அளந்தால் உச்ச வரம்பு 250 டிகிரி, அதாவது 121 செல்சியஸ். கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் ஆயிலில் அளந்தால் 300 டிகிரி, அதாவது 149 செல்சியஸ். ஒரே டிரான்ஸ்மிஷன், ஒரே நேரம், இரண்டு வரம்பு. பக்கத்து வண்டிக்காரர் "எனக்கு 260 வந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்றால், அவருடைய சென்சார் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கூலர் குழாயில் இருந்தால் அது ஏற்றத்தில் சாதாரணம். பானில் இருந்தால் வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும்.

பானில் அளக்கும்போது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. 160 முதல் 200 வரை நிம்மதி. 220 தாண்டினால் ஓட்டும் முறையை மாற்ற வேண்டும். 240இல் நிறுத்த இடம் தேட வேண்டும். 250இல் நின்றே ஆக வேண்டும்.

தொழிலில் வெகுகாலமாகப் புழங்கும் ஒரு பொது விதியும் உண்டு: 175 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். 195இல் பாதி, 215இல் கால், 235இல் அரைக்கால். பழைய தாது எண்ணெய்களை வைத்து வந்த விதி இது, இன்றைய செயற்கை எண்ணெய்கள் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் சரிவின் போக்கு அதேதான். ஆயில் கெட்டால் வார்னிஷ் மாதிரி படிவு வால்வுகளில் ஒட்டும், ரப்பர் சீல்கள் இறுகும், அழுத்தம் கசியும், கிளட்ச் பிளேட் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு.

ஒரு விலக்கு: 2011இல் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினோடு வந்த ஃபோர்டு 6ஆர்140 டிரான்ஸ்மிஷன், சூடாகவே ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. காலி வண்டியில் 195, 200 காட்டினால் அது அதன் இயல்பு. பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சென்சாரை எங்கே பொருத்துவது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். இடம் மூன்று.

முதலாவது, ஆயில் பான். கூலருக்குப் போய் ஆறி வந்த ஆயிலும் உள்ளே சுற்றிய ஆயிலும் கலந்து தேங்கும் இடம். பம்ப் இங்கிருந்துதான் எடுத்து கிளட்ச்சுகளுக்கும் வால்வுகளுக்கும் அனுப்புகிறது. அதனால் டிரான்ஸ்மிஷனின் உள்ளுறுப்புகள் உண்மையில் எந்தச் சூட்டில் வாழ்கின்றன என்பதை இது சொல்லும். குறை என்னவென்றால் தாமதம். லிட்டர் கணக்கில் ஆயில் சூடாக நேரம் ஆகும். இங்கே எண் ஏறிவிட்டதென்றால் கன்வர்ட்டர் சில நிமிடங்களாகவே கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, கூலருக்குப் போகும் குழாய். கன்வர்ட்டரிலிருந்து நேராக வெளியே வரும் ஆயில் இது. வழுக்கல் தொடங்கினால் சில நொடிகளில் ஊசி குதிக்கும். டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றத்தில் தள்ளும்போது 250, 270 என்று போய், முன்னே எடுத்து லாக்-அப் ஆனதும் 180க்குத் திரும்பும். பழகாதவருக்குப் பயமாக இருக்கும். பழகிவிட்டால் இதைவிடச் சீக்கிரம் எச்சரிக்கும் இடம் வேறில்லை.

மூன்றாவது, கூலரிலிருந்து திரும்பும் குழாய். இது கூலரின் உடல்நிலையைச் சொல்லும், டிரான்ஸ்மிஷனின் உடல்நிலையைச் சொல்லாது. இங்கே மட்டும் சென்சார் வைத்து "என் வண்டி எப்போதும் 150தான்" என்று மகிழ்கிறவர்கள் நிறையப் பேர். தனியாக இந்த ஒரு இடத்தை மட்டும் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஒரே ஒரு மீட்டர்தான் என்றால் என் தேர்வு பான். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்சார் வைத்து சுவிட்ச்சால் மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. மலைப்பகுதியில் கனமாக இழுப்பவருக்கு அந்தச் செலவு வீணில்லை: போகும் குழாயில் ஒன்று, பானில் ஒன்று.

என் வண்டியில் அந்த இடங்கள் எங்கே?

ஃபோர்டு இ4ஓடி, 4ஆர்100 ஆகிய டிரான்ஸ்மிஷன்களில் டிரைவர் பக்கம் அழுத்தம் சோதிக்கும் துளை ஒன்று உண்டு, எட்டில் ஒரு அங்குலக் குழாய்த் திருகு. பெரும்பாலான மீட்டர் சென்சார்கள் நேராக அதில் உட்காரும். பானைக் கழற்ற வேண்டாம், வெல்டிங் வேண்டாம். காட்டும் எண் பான் சூட்டுக்கு நெருக்கமாக இருக்கும். 7.3 லிட்டர் ஃபோர்டுக்காரர்கள் அதிகம் பேர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

டாட்ஜ் 47ஆர்இயில் முன்னால் இருக்கும் குழாய்தான் கூலருக்குப் போவது, பின்னால் இருப்பது திரும்பி வருவது. குழாயில் டி-ஃபிட்டிங் போடுவதென்றால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஃபிட்டிங்கின் உள்விட்டம் குழாயைவிடக் குறுகக் கூடாது, குறுகினால் கூலருக்கும் மசகுக்கும் போகும் ஆயில் குறையும். சென்சாரின் நுனி ஓடும் ஆயிலுக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீளமான அடாப்டருக்குள் ஒதுங்கி இருந்தால், தேங்கிய ஆயிலைத்தான் அளக்கும், குறைவாகக் காட்டும்.

பானில் வைப்பதற்கு இரண்டு வழி. கம்பெனி பானில் திருகு வளையம் வெல்ட் செய்யலாம், அல்லது சென்சார் துளையோடு வரும் ஆழமான அலுமினியப் பான் வாங்கலாம். மாக்-ஹைடெக் மாதிரி கம்பெனிகளின் பான்கள் அப்படித்தான் வருகின்றன. வெல்ட் செய்வதானால் ஃபில்டரும் வால்வு பாடியும் (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுகளின் தொகுப்பு) தட்டாத இடமாக, ஆயில் மட்டத்துக்கு நன்றாகக் கீழே, கல் அடிக்காத பக்கமாகப் பாருங்கள். பெரிய பான் சூட்டைக் கணிசமாகக் குறைக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். கூடுதல் ஆயில் சூடேறுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். வடிகால் திருகு கிடைப்பதே எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

அலிசன், ராமின் 68ஆர்எஃப்இ, ஃபோர்டு 5ஆர்110, 6ஆர்140 வைத்திருப்பவர்கள் துளை தேடுவதற்கு முன் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சோதனைச் செருகி) செருகும் மானிட்டர் போதுமா?

2003க்குப் பிந்தைய பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். டிரான்ஸ்மிஷனுக்குள் கம்பெனி சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. கம்ப்யூட்டர் அதை வைத்துத்தான் கியர் மாற்றத்தையும் லாக்-அப்பையும் முடிவு செய்கிறது. டாஷ்போர்டு ஊசி மழுப்பினாலும் கம்ப்யூட்டருக்கு உண்மையான எண் தெரியும். எட்ஜ் இன்சைட், பேங்க்ஸ் ஐடேஷ், ஸ்கேன்கேஜ் போன்றவை அந்த எண்ணை எடுத்துக் காட்டுகின்றன. ஃபோர்டு வைத்திருப்பவர்கள் ஃபோர்ஸ்கேன் செயலியிலும் பார்க்கலாம்.

கம்பெனி சென்சார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இ4ஓடி, 4ஆர்100இல் பானுக்குள் மூழ்கியிருக்கும் சோலனாய்டு தொகுப்பில். 47ஆர்இயில் வால்வு பாடியில் இருக்கும் கவர்னர் அழுத்த சென்சாரோடு சேர்ந்து. இரண்டுமே ஏறக்குறையப் பான் சூட்டைத்தான் சொல்லும். ஆக, கூலர் குழாயில் நடக்கும் துள்ளலை ஓபிடியில் எதிர்பார்க்காதீர்கள்.

மலிவான ப்ளூடூத் அடாப்டரை மட்டும் நம்பி டிரெய்லரோடு மலையேறுவது எனக்கு உடன்பாடில்லை. பாதி ஏற்றத்தில் இணைப்பு அறுந்தால் திரையைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

தனி மீட்டர் வாங்கினால் எந்த வகை?

மின்சார மீட்டர். கேபிலரிக் குழாய் வைத்த இயந்திர மீட்டர் துல்லியமானதுதான், ஆனால் அந்த மெல்லிய செம்புக் குழாயை டிரான்ஸ்மிஷனிலிருந்து டாஷ்போர்டு வரை மடியாமல் கொண்டுவருவது பெரும்பாடு. ஐஸ்ப்ரோ, ஆட்டோ மீட்டர் இரண்டும் டீசல்காரர்களிடம் நீண்டகாலமாகப் புழங்கும் பெயர்கள்.

100 முதல் 280 அல்லது 300 வரை அளவு இருந்தால் சரி. ஊசி முக்கால் வட்டம் சுற்றும் வகையை எடுங்கள். கால் வட்டத்துக்குள் 200 டிகிரியையும் அடக்கிய மீட்டரில் 210க்கும் 230க்கும் வித்தியாசம் தெரிவதற்குள் சாலையிலிருந்து கண் விலகிவிடும்.

பொருத்தும்போது எங்கே தவறு நடக்கிறது?

எர்த்தில். ஒற்றை வயர் சென்சார்கள் உலோக உடல் வழியாகவே எர்த் எடுக்கின்றன. திருகில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் அந்த எர்த் பலவீனமாகலாம். இந்த சென்சார்களில் சூடு கூடக் கூட மின்தடை குறையும். எர்த் மோசமானால் கூடுதல் தடை சேரும், மீட்டர் அதைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். அதாவது மோசமான எர்த், உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்டும். ஆபத்தான பக்கத்தில் பொய் சொல்லும் பழுது இது. டேப் வேண்டாம். கசிந்தால் சென்சார் கம்பெனி அனுமதிக்கும் திரவ சீலன்ட்டைத் திருகில் மிகக் கொஞ்சமாகப் போடுங்கள், முதல் இழையை விட்டுவிடுங்கள்.

இதை வைத்தே பழுதையும் கண்டுபிடிக்கலாம். ஊசி அடியிலேயே கிடந்தால் வயர் அறுந்திருக்கும். ஊசி உச்சியில் போய் ஒட்டிக்கொண்டால் வயரின் தோல் உரிந்து சேசிஸில் தொட்டிருக்கும். வயரை எக்ஸாஸ்ட் குழாயிலிருந்தும் முன் டிரைவ் ஷாஃப்ட்டிலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள்.

கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் மீட்டர் கூடு மாட்டுவது பழைய வழக்கம். புதிய வண்டிகளில் அந்தத் தூணுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கலாம். மாட்டுவதற்கு முன் பாருங்கள், இருந்தால் டாஷ்போர்டு மேலே வையுங்கள்.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மாட்டுவதற்கு முன் சென்சாரைக் கொதிக்கும் நீரில் வைத்து, உடலிலிருந்து எர்த் வயர் ஒன்றை பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்து, மீட்டருக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். கடல் மட்டத்தில் 212 காட்ட வேண்டும். உயரத்தில் இருக்கும் டென்வர் மாதிரி ஊரில் இருந்தால் நீர் சுமார் 202இலேயே கொதித்துவிடும், மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் உயரக் கணக்கே வேண்டாம். மாட்டிய பிறகு, ஓபிடி எண்ணோடு ஒப்பிடலாம்.

ஏற்றத்தில் எண் ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

முதல் வேலை லாக்-அப்பைக் கொண்டுவருவது. பெடலை இன்னும் மிதிப்பது பலருக்கு வரும் முதல் யோசனை. அது கன்வர்ட்டரை லாக்-அப்பிலிருந்து விடுவித்து நிலைமையை மோசமாக்கும். டோ/ஹால் பொத்தானை (பாரம் இழுக்கும்போது போடுவது) போடுங்கள், அல்லது ஓவர்டிரைவை, அதாவது உச்ச கியரை, அணையுங்கள். கியர் ஒன்று குறைந்து, இன்ஜின் சுற்று கூடி, கன்வர்ட்டர் பிடிக்க வாய்ப்பு வரும். 47ஆர்இயில் லாக்-அப் மூன்று, நான்காம் கியரில் மட்டும்தான். இரண்டாம் கியருக்கு விழும் அளவுக்கு வேகம் இறங்கிவிட்டால் ஏற்றம் முழுக்க வழுக்கல்தான். அதனால் அந்த வண்டியில் மூன்றாம் கியரில் லாக்-அப் நிற்கும் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்வது முக்கியம். அலிசன் கீழ்க் கியரிலும் லாக்-அப் பிடிக்கும். அதே மலையில் அலிசன் வண்டி குளிர்ந்து ஓடுவதற்கு இது பெரிய காரணம்.

அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்குப் பக்கத்தில் டேவிஸ் டாம் ஏற்றம் என்று 11.4 மைல் நீளப் பாதை இருக்கிறது. ஜே2807 என்னும் இழுவைச் சோதனைத் தரம் அதை வைத்துத்தான் எழுதப்பட்டது. நூறு டிகிரி வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, குறைந்தபட்ச வேகம் இறங்காமல் ஏற வேண்டும். கம்பெனிக்காரர்களே தங்கள் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்றால், கோடை மதியத்தில் அந்தப் பாதையில் உங்கள் பழைய வண்டி திணறுவது இயல்புதான். அதிகாலையில் ஏறுங்கள். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே வெயில் குறைவு, ஆனால் காற்று மெலிந்திருப்பதால் கூலர் தள்ளும் சூடும் குறையும்.

டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றும்போது லாக்-அப்புக்கு வழியே இல்லை. மண் தரையானால் நான்கு சக்கர லோ-ரேஞ்சைப் போடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) விசையைப் பெருக்குவதால் கன்வர்ட்டரின் பாடு வெகுவாகக் குறையும். தார்ச்சாலையில் திருப்பிக்கொண்டே இதைச் செய்தால் முன், பின் அச்சுகள் முறுகும். கையால் பூட்டும் முன் ஹப் உள்ள சூப்பர் டியூட்டியில் ஹப்பைத் திறந்து விட்டுவிட்டு லோ போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

கன்வர்ட்டரைக் கையால் பூட்டும் சுவிட்ச் போடுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரிஜினல் கன்வர்ட்டர் கிளட்ச், முழு பெடலில் பூட்டிவைப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. டியூனரும் போட்டிருந்தால் அந்தக் கிளட்ச்சையே தின்றுவிடுவீர்கள்.

ஓரம் கட்டிவிட்டேன். இன்ஜினை அணைக்கலாமா?

அணைக்காதீர்கள். இன்ஜின் ஓடினால்தான் பம்ப் ஓடும், ஆயில் கூலருக்குப் போகும். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை 1,200 முதல் 1,500 சுற்றுக்கு ஏற்றுங்கள். அலிசன் கையேடு சொல்வதும் இதுதான், இரண்டு மூன்று நிமிடத்தில் எண் இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் கூலரிலோ குழாயிலோ கோளாறு.

டாட்ஜ் 47ஆர்இ வைத்திருப்பவர்கள் நியூட்ரல் என்பதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்து டிரான்ஸ்மிஷனில் பார்க்கில் போட்டால் கன்வர்ட்டருக்கும் கூலருக்கும் ஆயில் போகாது. ஆற வைக்கிறோம் என்று பார்க்கில் போட்டு நிற்பவர் அதைச் சும்மா வேக வைக்கிறார். ஆயில் அளவு பார்ப்பதும் அதில் நியூட்ரலில்தான்.

பெரிய கூலர் போட்டுவிட்டால் மீட்டர் வேண்டாமா?

கூலர் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வதற்கே மீட்டர் வேண்டும். அது ஒருபக்கம் இருக்க, பெரிய கூலர் நல்ல முதலீடு. 7.3 லிட்டர் சூப்பர் டியூட்டிக்காரர்கள் 6.0 லிட்டர் வண்டியின் 31 வரிசைக் கூலரை எடுத்து மாட்டிக்கொள்வது பிரபலமான வேலை. புதுசாக வாங்குவதைவிடச் செலவு குறையும், பலனும் தெரியும்.

டிரான்ஸ்மிஷன் ஒருமுறை கெட்டுப் பழுது பார்த்திருந்தால் பழைய கூலரைத் திரும்ப மாட்டாதீர்கள். உள்ளே சிக்கிய உலோகத் துகளை முழுக்கக் கழுவி எடுப்பது கடினம். புது டிரான்ஸ்மிஷனும் அதே துகளைக் குடிக்கும்.

முன்பைவிட அதே சாலையில் இருபது டிகிரி கூடக் காட்டுகிறது.

மீட்டர் வாங்கியதன் முழுப் பயனும் இந்த மாதிரித் தகவலில்தான் இருக்கிறது. உங்கள் வண்டியின் வழக்கமான எண் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் எளியதைப் பாருங்கள்: கூலர் முகப்பில் பூச்சி, தூசி, ஆயில் அளவு, விசிறி கிளட்ச். அடுத்து 47ஆர்இயில் கூலர் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வு அடைத்திருக்கலாம். 68ஆர்எஃப்இயில் ஆயிலைக் கூலருக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் தெர்மோ வால்வு சிக்கியிருக்கலாம். இவை எல்லாம் சரியென்றால் லாக்-அப் முழுதாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டால் லாக்-அப் விடுபட்டு இன்ஜின் சுற்று சில நூறு ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் அது பிடித்திருக்கவே இல்லை.

ஒருமுறை பானில் 260 போய்விட்டது. டிரான்ஸ்மிஷன் போச்சா?

சில நிமிடம்தான் என்றால் அப்படி இல்லை. ஆயிலை மாற்றுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் எடுத்துப் பாருங்கள், பழுப்பேறிக் கருகிய வாடை வந்தால் தள்ளிப்போட வேண்டாம். அந்தந்த வண்டிக்கு அந்தந்த ஆயில்: டாட்ஜுக்கு ஏடிஎஃப்+4, 6ஆர்140க்கு மெர்கான் எல்வி, 4ஆர்100க்கு முன்பு சாதாரண மெர்கான், அது நின்றுபோனதால் இப்போது மெர்கான் வி. அலிசனுக்குக் கையேடு சொல்லும் டெக்ஸ்ரான் அல்லது டிரான்சிண்ட். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கும் ஆயிலை இந்த வண்டிகளில் நான் ஊற்ற மாட்டேன். பானைக் கழற்றும்போது அடியில் மெல்லிய சாம்பல் படிவு இருப்பது இயல்பு. பளபளக்கும் துண்டுகள் இருந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள்.

குளிர்காலத்தில் 100க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. நல்லதுதானே?

நல்லதல்ல. ஆயில் கெட்டியாக இருக்கும், உள்ளே வரும் ஈரம் ஆவியாகாது, ஆயில் சூடாகும்வரை சில வண்டிகளின் கம்ப்யூட்டர் லாக்-அப்பையோ மேல் கியரையோ தராது. ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் ஆயில் கூலர் கோடையில் ஆற வைக்கும், குளிரில் இன்ஜின் நீரின் சூட்டை ஆயிலுக்குக் கொடுக்கும். அதை விலக்கிவிட்டு வெளிக்காற்றுக் கூலரை மட்டும் வைத்தவர்களுக்குத்தான் மினசோட்டாவிலும் ஆல்பர்ட்டாவிலும் இந்தப் பிரச்சினை அதிகம் வருகிறது. திரும்ப இணைத்துவிடுங்கள், அல்லது ஆயில் சூடாகும்வரை வெளிக்கூலரைத் தவிர்க்கும் தெர்மோஸ்டாட் போடுங்கள்.

எக்ஸாஸ்ட் சூட்டு மீட்டரும் வேண்டுமா?

டியூனர் போட்ட டீசலுக்கு வேண்டும். அது பிஸ்டனையும் டர்போவையும் காப்பது. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் வழக்கம்.

மீட்டரோடு வரும் பழைய வண்டியை வாங்கப்போகிறேன். அது காட்டுவதை நம்பலாமா?

வண்டிக்குக் கீழே படுத்து வயரைப் பின்தொடருங்கள். சென்சார் பானில் இருக்கிறதா, சோதனைத் துளையில் இருக்கிறதா, எந்தக் குழாயில் இருக்கிறது என்று பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அப்புறம் சோதனை ஓட்டம். இன்ஜின் சூடான பிறகு, கூட்டமில்லாத இடத்தில் இரண்டு மூன்று முறை நின்று கிளம்பி ஊசியைப் பாருங்கள். கூலருக்குப் போகும் குழாயில் சென்சார் இருந்தால் உடனே துள்ள வேண்டும். பானில் என்றால் மெல்ல நகர வேண்டும். இரண்டுமில்லாமல் அசையாமல் நின்றால், கையில் மல்ட்டிமீட்டர் எடுத்து எர்த்தையும் சென்சாரின் மின்தடையையும் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.